முறுக்குத் தூள் காட்டிக்கொடுத்த தரை

நான் கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. இத்தாலியின் பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு சிஞ்ஞோராவின் வீட்டைப் பதினோரு வருடங்களாக நான்தான் துப்புரவாக்குகிறேன். சிஞ்ஞோரா என்றால் இத்தாலியனில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. அவருக்குத் தொண்ணூறை எட்டும் வயது. தனி ஆள். கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவர் யூதர். இந்த ஊரில் யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ராசா துரத்தினதோடை இஞ்சை யூதர் முடிஞ்சுது எண்டு எல்லாரும் சொல்லுவினம். அப்ப நான் என்ன, பேயோ?" என்று கேட்பார். அவர் பேசுவது இத்தாலியன்தான். ஆனால் எனக்கு அவர் சொன்னதெல்லாம் எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு கூத்து நடந்தது. சித்திரை வருஷப்பிறப்பு. நல்ல நாளில் வெறுங்கையோடு போகலாமா என்று விடியவே எழும்பி முறுக்குச் சுட்டு, ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனேன். அவர்களுக்கோ அது பெஸாக் காலம். எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியேறியதை நினைத்து எட்டு நாள் கொண்டாடுவார்கள். புறப்பட்ட அவசரத்தில் மா புளிக்க நேரம் இருக்கவில்லையாம். அதனால் அந்த எட்டு நாளும் வீட்டுக்குள் புளித்த மாவில் சுட்ட பாண் ஆகாது. கோதுமை மாவில் செய்த பலகாரமும் ஆகாது, ஒரு துணுக்குக்கூட. அதற்கு முதல் வாரம் முழுவதும் அலுமாரி அலுமாரியாகத் துடைத்துக் கொடுத்தவளே நான்தான். பாண் தூளைத் தேடுகிறார் என்று தெரியும், ஏனென்று கேட்கவில்லை. முறுக்கும் பாணும் ஒன்றா என்ன?

சாப்பாட்டு அறையில் பெட்டியைத் திறந்து நீட்டினேன். அப்போது அவருக்கு ஓரளவு கண் தெரியும். ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"இது என்ன மா?"

"அவிச்ச கோதுமை மா, சிஞ்ஞோரா."

நெருப்பைத் தொட்டதுபோல் கையை உதறினார். முறுக்கு விழுந்து நொறுங்கி, தூள் கம்பளத்தின் ஓரத்துக்குக் கீழே போய்விட்டது.

"ஐயோ, ஒரு கிழமையாய்த் துடைச்ச வீடு! கம்பளத்தைத் தூக்கும்!"

மிச்ச முறுக்கோடு என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பினார். வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் மேசையைத் தள்ளி, அந்தப் பெரிய கம்பளத்தை நானே சுருட்டி, முழங்காலில் நின்று தூளைக் கூட்டினேன். நல்ல நாளும் அதுவுமாய் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கம்பளத்துக்குக் கீழே இருந்தவை நீலமும் மஞ்சளும் தீட்டிய பழைய டைல்கள். நான்கு சேர்ந்தால் ஒரு பூ. ஜன்னல் பக்கம் ஒரே ஒரு பூவில் மட்டும் ஒரு டைலை மேசன் மாறிப் பதித்திருந்தான். இதழ் உள்ளே திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. சிஞ்ஞோராவைத் திட்ட முடியாததால் அந்த மேசனைத் திட்டித் தீர்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பெஸாக்குக்கும் கம்பளத்தைச் சுருட்டும்போது அவனுக்கு நாலு பேச்சு விழும்.

போன மாரியில் வடக்கிலிருந்து ஒரு இளம் பெண் வந்தார். யூதக் குடும்பங்களின் பழைய படங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றில் அவருக்கு வேலை. கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை, மேசையில் ஸ்கேனர், கணினி. சிஞ்ஞோராவின் படங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அந்த டின்னைத் தூசு தட்டும்போதெல்லாம் நான் இரண்டு கையாலும் தூக்குவேன். ஊரில் போர் நடந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் கல்யாண ஆல்பம் வீட்டோடு எரிந்தது. எனக்கு அந்த டின்மேல் பொறாமை, மறைக்கமாட்டேன்.

இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் எண், யார், எந்த இடம், அடையாளம் காட்டியவர் யார் என்று எழுதவேண்டும். முதல் நாள் சிஞ்ஞோரா படங்களைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சித்தப்பாவைத் தகப்பன் என்று மாறிச் சொன்னதும் அப்போதுதான். அந்தப் பிழையால் மறுநாள் வினை வந்தது.

மறுநாள் எடுத்தது ஒரு பெஸாக் விருந்துப் படம். மேசையைச் சுற்றிக் கதிரைகளில் ஏழு பேர். தட்டில் அப்பளம்போல் தட்டையான புளிக்காத ரொட்டி. நடுவில் ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தை சிஞ்ஞோரா, அந்தப் பெண் அவருடைய தாய். பின்பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

"இது இந்த வீடு. அம்மா இஞ்சை போட்ட மேசை," என்றார் சிஞ்ஞோரா. "அடுத்த பெஸாக் வரேக்கை சட்டம் வந்திட்டுது. யூதருக்கு வேலையில்லை, பள்ளிக்கூடமில்லை. நாங்கள் ஓடிப்போய், உலகச் சண்டை முடிஞ்சுதான் திரும்பி வந்தம்."

அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னார். "லிவோர்னோவிலை இருக்கிற உங்கடை மச்சான், இது அந்த ஊரிலை எடுத்த படம் எண்டு சொல்லுறார். நேற்றும் ஒருத்தரை மாறிச் சொன்னீங்கள், அத்தாட்சி இல்லாமல் பலெர்மோ எண்டு எழுத ஏலாது. இடம் தெரியேல்லை எண்டு போடுறன்."

சிஞ்ஞோரா அந்தப் படத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இடம் தெரியாது எண்டால், அவை இஞ்சை இருக்கவே இல்லை எண்டுதானே," என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். தாய் பலெர்மோவில் இருந்ததைக் காட்டும் வேறு படம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் போய் நின்றேன். திரையில் அந்தப் படம் பெரிதாகத் தெரிந்தது. அவர்கள் இருவரும் முகங்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முகம் பார்க்கிறவள் இல்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும்.

"பிள்ளை, கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டுங்கோ. ஆக்களை இல்லை. கீழை, கதிரைக் காலடியை."

பெருப்பித்தார். கதிரைக் கால்களுக்கு நடுவே டைல்கள். பூ, பூ, பூ. ஜன்னலோரம் ஒரு பூவில் ஒரு இதழ் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் போட்ட சத்தத்தில் சிஞ்ஞோரா பயந்தே போனார். ஸ்கேனர், டின் எல்லாவற்றையும் குசினிக்குக் கொண்டுபோய்ச் சமையல் பாத்திர அலுமாரிமேல் வைத்தேன். மேசையை இழுத்து, கம்பளத்தை ஒரே மூச்சில் சுருட்டினேன். பெஸாக்குக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அந்தப் பெண் கணினியைக் கையில் ஏந்தியபடி தரையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பூக்களை எண்ணினார். சுவரிலிருந்து எத்தனையாவது, ஜன்னலிலிருந்து எத்தனையாவது. எல்லாம் அச்சொட்டாக இருந்தது. பிறகு கையுறையைக் கழற்றி அந்த டைலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான்," என்றார். "இதே வீடு."

சிஞ்ஞோரா செருப்பைக் கழற்றச் சொன்னார். கையைப் பிடித்து அந்த டைலுக்குக் கூட்டிப்போனேன். வெறுங்காலோடு அதன்மேல் நின்று, "அம்மா எந்தப் பக்கம் இருக்கிறா?" என்று கேட்டார். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் பார்த்து அழுதார், சிரித்தார். உடனேயே, "லிவோர்னோக்காரனுக்குப் போனைப் போடும்!" என்று கத்தினார். அந்த மச்சானுக்குக் கிடைத்த ஏச்சு, நான் அந்த மேசனுக்குக் கொடுத்ததைவிடப் பலமடங்கு. பாவம் மேசன், அவனை இனி ஏசமாட்டேன். பிழைவிட்டாலும் பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

இடம் என்ற கட்டத்தில் அந்தப் பெண் பலெர்மோ என்று எழுதினார். அடுத்த கட்டம், அடையாளம் காட்டியவர். என்னைப் பார்த்து, "உங்கடை பேர்?" என்றார்.

இந்த நாட்டில் என் பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. பாதியில் வெட்டி, இரண்டெழுத்தில்தான் கூப்பிடுவார்கள், சிஞ்ஞோராவும் அப்படித்தான். நானும் பழகிவிட்டேன். அன்றைக்கு விடவில்லை. அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கட்டம் போதவில்லை.

"சுருக்கலாமோ?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் சிஞ்ஞோரா முந்திக்கொண்டார். "ஒரு எழுத்தும் குறைக்கக்கூடாது," என்றார். "கட்டத்தைப் பெருப்பியும்."