சுமதி அக்கா ஒட்டிய அம்புகள்

செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஏற்றுமதி ஆர்டருக்காக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பனியன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. செக்கிங் சூப்பர்வைசர் சுமதி அக்கா இறந்துவிட்டார். படித்தேன். மின்னஞ்சலை முடித்து, ஒருமுறை சரிபார்த்து, அனுப்பிய பிறகே எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

முப்பத்து நான்கு வயது. திங்கள் மாலை தலை வலிக்கிறது என்று கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் உள்ள வீட்டில் சோறு வடித்துவிட்டுப் படுத்தாராம். அவ்வளவுதான். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இதை எழுதும்போதும் வேறு யாரையோ பற்றி எழுதுவதாகவே இருக்கிறது.

செக்கிங் மேசையில் அவரோடு நின்றவர்களுக்கு அவர் கண் தெரியும். ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். தேறாத பனியன் ரிஜெக்ட் கூடைக்குப் போகும். எனக்குத் தெரிந்தவர் டீ நேரத்துச் சுமதி அக்கா. அவர் மகன் கவினுக்கும் என் மகள் இனியாவுக்கும் ஐந்து வயது. இருவருக்கும் 'அ' எழுத வரவில்லை. அதை வைத்துத்தான் எங்களுக்குள் பழக்கம்.

"நேத்து எப்படீங்க தம்பி?"

"சுழி தலைகீழாப் போகுதுங்க்கா."

"உங்களுக்குச் சுழியாவது இருக்குதுங்க. எங்கூட்டுல அது படுத்துத் தூங்குதுங்க."

சிரிப்போம். வீட்டில் நான் சிரிப்பதில்லை என்பதை அவரிடம் சொன்னதில்லை. பென்சில் பிடித்த இனியாவின் விரலை என் விரலால் அழுத்துவேன். குரல் ஏறும். முதுகலை படித்தவன் மகளுக்கு இது வரவில்லையா என்ற எரிச்சல் வேறு. கொஞ்ச நாளாக நான் நோட்டை எடுத்தாலே அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தாள்.

ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "தம்பி, நான் ஒரு கிறுக்கு வேல பண்ணிப்போட்டனுங்க."

கவின் எழுதிய பக்கத்தில் தப்பான எழுத்துக்கெல்லாம் அம்பு ஒட்டியிருக்கிறார். கை பழகிய வேலை. மறுநாள் வேலை முடிந்து போனால், பையன் மிச்ச ஸ்டிக்கரையெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கையில், வயிற்றில், முகத்தில்.

"'என்ன சாமி இது'ன்னனுங்க. 'நானு ரிஜெக்ட்டும்மா'ங்கறான்." டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொண்ணாப் பிச்சேனுங்க. புருவத்துல ஒட்டுனது முடியோட வந்துச்சு. அவன் அழுவலீங்க."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். பெல் அடித்தது. எழுந்துகொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கவினைத் தாராபுரத்துக்குக் கூட்டிப்போக அவன் சித்தி கிளப்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பட்டன் போட வந்த கையை அவன் தள்ளிவிட்டான்.

"நானே."

முதல் பட்டனையே இரண்டாவது காஜாவில் நுழைத்தான். எல்லோரும் பார்த்தோம்.

"தப்பாப் போடற கண்ணு, பஸ் போயிரும்" என்று சித்தி மறுபடி கையை நீட்டினார்.

"இரு அம்மிணி" என்றார் சுமதி அக்காவின் கணவர். "அவன் எழுதறப்ப சுமதி தொட மாட்டா. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அது மேல உக்காந்துக்குவா. 'இல்லீன்னா கை தானாப் போயிருதுங்க'ம்பா."

சித்தி கையை இழுத்துக்கொண்டார். கடைசிப் பட்டனுக்குக் காஜா இல்லை. கவின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, மேலிருந்து தொடங்கினான்.

அன்று சாயங்காலம் இனியாவின் முன் நோட்டை வைத்துவிட்டு அப்படியே என் கைகள் மேல் உட்கார்ந்தேன். சுமதி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த உட்காரும் விதம்தான், அவர் எனக்குச் சொல்லாதது. கை மரத்துப்போகிறது. வெகுநேரம் கழித்து அவள் பென்சிலை எடுத்தாள். பாதி எழுத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை.