அளவு கூட்டிய ஊசிக்காகக் காத்திருந்த இருவரில் ஒருவர்

இன்று காலை பிரஷர் மாத்திரை எடுக்கச் சாவகச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். ஊசி போடும் அறையிலிருந்து சட்டைக்கையை இறக்கியபடி என் நெடுநாள் சிநேகிதர் ஜெயரத்தினம் வந்தார்.

வயது போன உடம்பில் சாதாரண இன்புளுவென்சாக் காய்ச்சல் தடுப்பூசி அவ்வளவாக வேலை செய்யாது, வெளிநாடுகளில் முதியவர்களுக்கென்று மருந்தின் அளவைக் கூட்டிய ஊசி இருக்கிறது என்று நான் முன்பு தேடிப் படித்து அவரிடம் சொல்லியிருந்தேன். "அது இஞ்சை வருமட்டும் நாங்கள் ஊசியே போடுறேல்லை அண்ணை" என்றவர் இவர்தான். அந்த ஊசியை இங்கே கொண்டுவரச் சொல்லிச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பிய மனுவில் என் பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தவரும் இவர்தான்.

"என்ன ஊசி போட்டனீர்?"

"சாதாரணம்தான் அண்ணை."

"அப்ப எங்கடை மனு?"

"அது தன்ரை பாட்டிலை போகட்டும். உங்கடை ஊசி வாறதுக்கு முந்திக் காய்ச்சல் வந்திடும். இது கொஞ்சமெண்டாலும் காப்பாத்துமாம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் எப்பிடியும் போடமாட்டியள். நீங்கள் காய்ச்சலிலை படுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒராள் எழும்பி நிக்கவேணுமே?"

துரோகத்தையும் செய்துவிட்டு, அதை எனக்காகச் செய்ததாகச் சொல்கிறார்.

நான் என் முடிவிலிருந்து இறங்கப் போவதில்லை. ஆனால் இப்படி ஒரு மனிதரோடு எப்படிக் கோபமாக இருப்பது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.