கஸ்தூரி அக்காவைப் பற்றி வித்யாவிடம் சொன்னது நான்தான்

மதுரையிலிருந்து கேளம்பாக்கத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து கழுத்துவலி. மசாஜுக்கு நல்ல ஆள் தேடி அலைந்து, கடைசியில் திருப்போரூரில் கஸ்தூரி அக்கா கிடைத்தார். முதல் நாளே கழுத்து லேசாகிவிட்டது.

அந்த சந்தோஷத்தில் எதிர் ஃபிளாட் வித்யாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

இன்று காலை போனால், வாசலில் வித்யாவின் செருப்பு. திரைக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. என்னிடம் "திரும்பிப் படும்மா" என்பதைத் தவிர எதுவும் பேசாத அக்கா, அவளிடம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வித்யா முகமெல்லாம் மலர வெளியே வந்தாள். "தேங்க்ஸ்பா, நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

எனக்கு வயிறு எரிந்தது. சிரித்து வைத்தேன்.

என் முறை வந்ததும் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா, என்கிட்ட மட்டும் பேசவே மாட்டேங்கறீங்க?"

"நீ வந்தவொடனே கண்ண மூடிக்கினு படுத்துக்கற. தூங்கற பொண்ண எப்டிம்மா எழுப்பறது?"

இன்று கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தேன். கல்யாணக் கதை முழுதும் எனக்கும் கிடைத்தது. ஆனால் பத்திரிகை முதலில் போனது வித்யாவுக்குத்தானாம்.

அக்கா நம்பர் கேட்டு யாரும் கமெண்ட் போடாதீங்க. பட்டது போதும்.