நிறம் போன தண்ணீர்

நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். அருப்புக்கோட்டையை விட்டுக் கொஞ்சம் வெளியே, பாலவனத்தம் போகிற பக்கத்தில் அப்பாவின் சாயப்பட்டறை இருக்கிறது. பெரிய ஆலை ஒன்றும் இல்லை. தகரக் கூரை, சில தொட்டிகள், ஒரு அடுப்பு, கொடியில் தொங்கும் சிவப்பு நூல் கட்டுகள். சாயம் நூலில் பிடிப்பதற்காக மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவார்கள். நூல் குடித்தது போக மிச்சத் தண்ணீர் பின்னால் இருக்கும் குழிக்குப் போகும். போன தண்ணீர் அங்கேயே கிடக்கும் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். அவரை நல்ல மனுஷன் என்றுதான் ஊர் சொல்லும். நானும் அதைத்தான் சொல்வேன். அந்த நல்ல குணத்தால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

பட்டறைக்கு அடுத்தது ஒரு கரிசல் காடு. அதன் சொந்தக்காரம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு பருத்தி போட்டு, இரண்டு பசு மாடுகளை வைத்து, ஒற்றை ஆளாகக் காலம் தள்ளுகிறவர். ஒரு கோடையில் அவருடைய கிணற்றுத் தண்ணீர் சிவந்துவிட்டது. அதை ஒரு சோடா பாட்டிலில் பிடித்து வந்து அப்பாவின் முன்னால் வைத்தார். சண்டை போடவில்லை.

“இது ஒங்க தண்ணிதான? மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருது. நீங்களே வச்சுக்கோங்க” என்றார்.

அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் பட்டறை ஓடியது. அக்கா அதற்குப் பிறகு ரோட்டுக் குழாயில் பிடித்து, சைக்கிளில் குடங்களைக் கட்டி, மாடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனார். குழாய் வராத நாளில் மாடுகள் கத்துவது எங்கள் தொட்டி வரைக்கும் கேட்கும். கிணறு கைவிட்டால் மாடு இல்லை, மாடு இல்லாவிட்டால் அவருக்கு அந்தக் காட்டில் இருப்பு இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. சாயத் தண்ணீர்தான் என் பாடம். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற டைட்டானியப் பொடியையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகளாக ஆக்கி, கண்ணாடித் தகடுகளில் படிய வைப்போம். அதை நானோ பொருள் என்பார்கள். வெயில் படும்போது அதற்கு ஒரு வேகம் வரும். பக்கத்தில் இருக்கும் சாயத்தைப் பிய்த்துப் போட்டுவிடும். எங்கள் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்கு இல்லை. உலகத்திலேயே இந்த வேலைக்கென்று படைக்கப்பட்ட ஊர் அருப்புக்கோட்டைதான் என்று நான் அப்போது நினைத்தேன். எவ்வளவு சந்தோஷமாக நினைத்தேன் என்பதை எண்ணினால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு லீவில் தகடுகளைக் கொண்டுவந்து, ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டியில் பரப்பி, குழித் தண்ணீரை மேலே ஓட விட்டேன். காலையில் ரத்தம் மாதிரி இருந்தது. சாயங்காலம் அடியில் கிடந்த தகடு பளிச்சென்று தெரிந்தது. பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்காவும் வேலியைத் தாண்டி வந்தார்.

“தேத்தாங்கொட்டை ஒரசுன மாதிரியில்ல இருக்கு!” என்றார்.

அங்கேதான் எல்லாம் கோணலாகத் திரும்பியது. எங்கள் பக்கத்தில் ஊருணித் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரசி விட்டால் கலங்கல் அடியில் தங்கிவிடும், மேல் தண்ணீரை மொண்டு குடிப்பார்கள். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது அப்படித் தலைமுறை தலைமுறையாக வயிற்றில் பதிந்த விஷயம். நான் தொண்டை வறளச் சொன்னேன்: சாயம் உடைந்திருக்கிறது, உடைந்த துண்டுகள் என்னவென்று இன்னும் சோதிக்கவில்லை, உப்பு ஒரு கல் கூடக் குறையவில்லை, வெயில் உப்பைத் தொடாது. யாரும் குடிக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

“உப்புத்தான தாயி? இந்தச் சீமையில எந்தக் கெணத்துத் தண்ணி இனிக்கிது?” என்று அக்கா சிரித்தார்.

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து உவர்த் தண்ணீரிலேயே சோறு பொங்கித் தின்றவர்களிடம் உப்பைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா? தகடுகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, மாதிரித் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

நான் இல்லாத நாட்களில் அப்பா அந்தத் தண்ணீரை டிரம்மில் பிடித்து அக்கா வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறார். கெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற திருப்தி அவருக்கு. ரோட்டுக் குழாயும் அந்த வாரம் வரவில்லை. அக்கா அதில் தவிட்டைக் கலந்து வைத்திருக்கிறார். தவிட்டு ருசியில் மாடுகள் உறிஞ்சிக் குடித்திருக்கின்றன.

ஒரு நாள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. வீட்டில் பேசுகிற தெலுங்கில், “நீ சொன்ன உப்பு, மாட்டை ஏதாவது செய்யுமா?” என்று கேட்டார்.

நான் போய்ச் சேரும்போது சினை மாடு தரையில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. மாட்டு டாக்டர் ஊசியைக் கழற்றிக்கொண்டே, “உப்பு ஏறிருச்சு. எந்தத் தண்ணியக் காட்டுனீங்க?” என்று கேட்டார். அப்பா பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சினையோடு மாடு செத்தது. இன்னொன்று பிழைத்தது, ஆனால் பால் வற்றிவிட்டது. எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு கத்தவும் முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அந்தக் கண்ணாடித் தகட்ட எங்க கெணத்துல எறக்குனா தண்ணி தெளிஞ்சிருமா தாயி?”

“கெணத்துக்குள்ள வெயில் எறங்காதேக்கா. வெயில் இல்லாம அது வேல செய்யாது. செஞ்சாலும் குடிக்க ஆகாதுன்னு பாத்துட்டோமே!”

“குடிக்க யாரு கேட்டா? காட்ட விக்கணும்” என்றார். குமாரலிங்கபுரத்துப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரும் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, நிலம் பார்க்கிற ஆட்கள் இந்தப் பக்கமும் வந்துபோகிறார்கள். கிணறு சிவந்த காடு என்றதும் அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். “வெளியூர்லருந்து ஒருத்தர் வாராக. வெவசாயம் பண்ணப்போறாகளாம். மாடு வாங்கி விடுவாகளாம். அவுக கெணத்த எங்க எட்டிப் பாக்கப் போறாக? மோட்டாரப் போட்டு, பம்புசெட்டுத் தொட்டியிலதான் தண்ணியப் பாப்பாக. தொட்டியில நல்லா வெயில் அடிக்கிது. ஒரு ரெண்டு நாளு குடு, போதும்.”

“வாங்குறவுக மாடும் சாகுமேக்கா?”

“என் மாடு செத்தப்ப நீ என்னத்தச் செஞ்ச?”

தகடுகளைத் தர முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“சரி, ஒங்க அப்பாட்ட கேட்டுக்கிருதேன்” என்று சொல்லிவிட்டு, தகடுகள் இன்னும் கிடக்கிற பட்டறையைப் பார்த்து நடந்தார். அப்பா இனி அவர் கேட்கிற எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.