யார் வீட்டுப் பால்

என் மூத்த மகள் பிறந்த மறுநாளே என் மனைவிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பால் சுரக்கவில்லை. பிள்ளைக்கு வாய்விட்டு அழவும் சத்தில்லை. அது சண்டைக் காலம். காத்தான்குடிக் கடைகளில் டின்பால் பெயருக்கும் கிடையாது. மாமி சீனித்தண்ணீர் பருக்கப் பார்த்தார். அரசாங்க மருத்துவிச்சி அதைத் தட்டிவிட்டார். மிஸ்ஸி என்றுதான் அவரை அழைப்போம். பாலத்துக்கு அப்பால் பட்டினத்திலிருந்து வருகிற தமிழ் மனுசி.

மிஸ்ஸி சூட்டுத்துணி ஒத்தடம் கொடுத்து, வெறும் மார்பானாலும் பிள்ளையை அதில் போட்டுச் சப்ப வைத்தார். பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும் என்றார். அதுவரைக்கும் என்று, காலையும் மாலையும் தன் தோல்பையில் மூடி போட்ட கோப்பை ஒன்றில் பால் கொண்டுவந்து, சங்கால் சிறுகச் சிறுகப் புகட்டினார்.

எனக்கு அந்தப் பால்மேல் ஐயம் விழுந்தது. ஆட்டுப்பாலின் வாடை அதில் இல்லை. மாட்டுப்பாலின் தடிப்பும் இல்லை. டின்பாலாக இருக்குமோ என்று ஊர்க் குப்பைக் கிடங்கைக் கூடக் கிளறிப் பார்த்தேன். கேட்டதற்கு மிஸ்ஸி, பிள்ளைக்கு ஆகாத எதையும் தான் கொண்டுவரவில்லை என்று மட்டும் சொன்னார். மனைவியைக் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதே தெரிந்துவிட்டது, அது ஒரு பெண்ணின் பால்.

எங்கள் மார்க்கத்தில் இது சின்ன விசயமில்லை. ஐந்து தரம் ஒருத்தியின் பாலைக் குடித்த பிள்ளைக்கு அவளும் தாய். அவள் பெற்றதெல்லாம் உடன்பிறப்பு. அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. கோப்பையில் எடுத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். யாருடைய பால் என்று தெரியாமல் நாளைக்கு எந்த வீட்டு வாசலில் போய் மாப்பிள்ளை கேட்பது? தெரியாமல் சகோதரனுக்கே கட்டிவைத்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வது? சத்தம் போட்டு விசாரிக்கவும் பயம். தன் பாலைப் பிறருக்குக் கொடுத்தால் கண்ணூறு பட்டு வற்றிவிடும் என்று பெண்கள் மறைப்பார்கள். பேச்சு வெளியே வந்தால் கோப்பை நின்றுவிடும். கோப்பை நின்றால் என் பிள்ளை மௌத்து.

ஆகவே வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் சந்தேகித்தேன். ஒழுங்கையில் கைப்பிள்ளையோடு யார் போனாலும் முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தேன். பள்ளியில் தொழ என் பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்து, இவர் வீடாக இருக்குமோ என்று, தக்பீர் கட்டித் தொழுகைக்குள் போன பிறகும் மனம் ஓடியது. நெசவுதான் என் பிழைப்பு; தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்ததும் தெரிவதில்லை.

நான் சந்தேகிக்காத வீடு ஒன்றே ஒன்று, என் தங்கையின் வீடு. அவளும் பிள்ளை பெற்றுச் சில மாதம்தான். ஆனால் அவள் பெற்றது ஆண். எனக்குப் பெண் பிறந்தால் அவனுக்குத்தான் என்று பேச்சைத் தொடங்கினவளே அவள். அந்தப் பேச்சைத் தன் கையாலேயே அவள் அழிப்பாளா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு அவளிடமே போனேன். பெண்களுக்குள் மெல்ல விசாரித்துச் சொல்லச் சொன்னேன். பால்சுறாக் கறியும் சோறுமாக அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்லக் கேட்டிருந்தவள், பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஊரெல்லாம் என்னத்துக்குத் தேடுறீங்க காக்கா? என்ட பால்தான்."

அப்போதும் ஒரு நப்பாசை.

"அஞ்சு தரம் ஆகியிருக்குமா புள்ள?"

"அஞ்சு எப்பவோ போயிட்டு. முதல் நாளையில இருந்தே நான்தான்."

"அப்ப நீ பேசின கலியாணம்?"

"புள்ள இருந்தாத்தானே கலியாணம்," என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். "உங்களுக்கிட்டச் சொன்னா வேணாம் எண்டுவீங்க. அதுதான் மிஸ்ஸிக்கிட்டயும் மதினிக்கிட்டயும் வாய் திறக்கப்படாது எண்டு சொல்லி வெச்சன்."

நான் வேண்டாம் என்றிருப்பேனா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தங்கையின் புருசனான என் மச்சானுக்கும் தெரிந்துதான் இருந்தது. எனக்கு மட்டும்தான் மறைத்திருந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு பள்ளி லெப்பையிடம் போய், இன்ன பிள்ளையும் இன்ன பிள்ளையும் பால்குடிச் சகோதரம் என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். பிற்காலத்தில் ஒருவரும் தெரியாமல் தவறிவிடக் கூடாது. சொல்லி முடித்ததும் மச்சான் என் தோளில் தட்டினார்.

"உன்ட மகளுக்குச் சீதனமாக் குடுக்கிற வீடு வளவு என்ட மகனுக்கு எண்டு கனாக் கண்டிருந்தன். இப்ப அதுவும் போச்சு, அவளுக்கு நானும் ஒரு வாப்பா ஆயிட்டன். நாளைக்கு அவளைக் கட்டிக் குடுக்கக்குள்ள எனக்கும் அரைவாசிச் செலவு."

லெப்பைகூடச் சிரித்துவிட்டார். அன்று மாலை நானே தங்கை வீட்டுக்குப் போய்க் கோப்பையை வாங்கி, மூடியை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கையில் எல்லாரும் பார்க்க என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.