உளுந்தின் மேல் ஏற்றலாம், நெல்லின் மேல் ஏற்றக் கூடாது

தஞ்சாவூரில் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றபோதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், பெட்ரோல் நம் செலவு. அதில் எனக்குச் சண்டை இல்லை. சாவியை நீட்டியவர் என் வயிற்றை ஒரு தரம், ஸ்டியரிங்கை ஒரு தரம் பார்த்துவிட்டு, "டிரைவர் போட்டுத் தரட்டுங்களா சார்?" என்றார். ஈப்போவிலிருந்து ஜொகூர் வரை வழியில் ஒரே ஒரு தேநீரோடு ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? என் மனைவி மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

திட்டம் எளியது. நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில் பூம்புகார். காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அப்பாவும் தாத்தாவும் மலேசியாவில் பிறந்தவர்கள். இந்தியாவில் எனக்கு ஊர் என்று எதுவும் கிடையாது. நான் வந்தது வெறும் சுற்றுலாப் பயணியாக, தொப்பியோடும் கழுத்தில் கேமராவோடும்.

எட்டு மணி. புதிய நான்குவழிச் சாலையில் ஏறியதும் கோபம் இறங்கியது. வழவழவென்று, வயல்களுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மேடு கட்டி இழுத்திருக்கிறார்கள். "பார்த்தியா, நம்ம ஊர் மாதிரியே," என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னேன். வழியில் ஒரு வளைவு நின்றது: நெற்களஞ்சியம் தங்களை அன்புடன் வரவேற்கிறது. இறங்கிப் படம் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் தள்ளி, மேட்டுக்குக் கீழே சதுரமாக ஒரு சிமெண்டுத் தளம். அதில் ஆடுகள் படுத்திருந்தன. மாலதி என்னவென்று கேட்டாள். கிரிக்கெட் மைதானம் என்றேன். எனக்குத் தெரியாதது என்று எதையும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் என்னிடம் இல்லை.

கும்பகோணத்தில் இட்லி. இருவருக்கும் நூற்று எண்பது ரூபாய். "பசியாற என்ன இருக்கு?" என்று நம் ஊர்ப் பேச்சில் கேட்டேன்; அங்கே பசியாறுவது என்றால் காலை உணவு சாப்பிடுவதுதான். பரிமாறியவர் நான் பலநாள் பட்டினி கிடந்தவன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார்.

பெரிய சாலையிலேயே போயிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். கிராமம் பார்க்க வேண்டும் என்றாள் மாலதி. கைப்பேசியில் வழி போட்டுக் கீழே இறங்கினோம். வாய்க்கால், மூங்கில் பாலம், மறுபடி வாய்க்கால். எதிரே ஒரு மினி பஸ் வந்தால் யார் பின்வாங்குவது என்று பேசித் தீர்க்க வேண்டிய அகலத்தில் ரோடு.

பத்தரை மணிக்கு அந்த ரோடே காணாமல் போனது. குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த செடிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். இறங்கிப் பார்த்தேன், உளுந்து, காயோடு இருந்தது. அறுத்த பயிரை இப்படி நடுரோட்டில் போடுவார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே கைநிறைய அள்ளி ஓரத்தில் போட ஆரம்பித்தேன். புளியமரத்தடியில் படுத்திருந்த ஒருவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏங்க, அத ஏன் அள்றீங்க? வண்டிய மேல விடுங்க."

"சாப்பிடுற பொருள் மேல எப்படிங்க ஏத்துறது?"

"நீங்க ஏத்தினாத்தாங்க அது சாப்பிடுற பொருளாவும்."

போகிற வண்டியின் சக்கரமே காயை உடைத்துப் பருப்பைத் தனியாக்குகிறது என்று விளக்கினார். அன்று காலையிலிருந்து ஒரு பஸ்ஸும் இரண்டு பைக்கும்தான் வந்தனவாம், காருக்காகக் காத்திருந்தாராம். நான் ஏற்றினேன். சடசடவென்று வெடித்தது. "அப்படியே ரிவர்ஸ்ல ஒரு தரம் வாங்க சார்," என்றார். வந்தேன். இன்னொரு தரம் என்றார். போனேன். என் பெட்ரோலில் அவர் உளுந்தை அடித்து முடித்துக் கிளம்பியபோது, நாலு மணி நேரம் வெயிலில் உழைத்த உழவனின் பெருமிதம் எனக்கு.

பன்னிரண்டு மணி இருக்கும். சுற்றிச் சுற்றி மறுபடியும் அந்த நான்குவழிச் சாலைக்குப் பக்கத்திலேயே வந்திருந்தோம். தூரத்தில் அதன் மேடு தெரிந்தது. எங்கள் ரோட்டின் இடப்பாதி முழுக்க நெல் பரப்பிக் கிடந்தது. ஓரத்தில் வரிசையாகக் கற்கள். வலப்பாதி காலி. வேறு எவனாக இருந்தாலும் வலப்பாதியில் போயிருப்பான். நான் பயிற்சி பெற்றவன் ஆயிற்றே. இறங்கி ஒரு கல்லை நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இது வேற மாதிரி இருக்குங்க," என்றாள் மாலதி.

"உனக்கு விவசாயம் தெரியாது," என்றேன்.

மெதுவாக, சிரத்தையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏற்றினேன். சடசட சத்தம் வரவில்லை. நறநறவென்றது. போதவில்லை போலும் என்று ரிவர்ஸ் போட்டேன். பாதி தூரம் வந்திருப்பேன், பின்கண்ணாடியில் ஒரு பெண் நெல் தள்ளும் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நெல்லு மேல வண்டி ஏத்துறியே, நீ சோறுதானய்யா திங்கிற?"

உளுந்துக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. உளுந்து உடைந்தால் பருப்பு, நெல் உடைந்தால் நொய், நொய்யை எவன் வாங்குவான் என்று கேட்டார். மாலதி இறங்கி, மலேசியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு 'ங்க' கிடைத்தது. நான் பர்ஸை எடுத்தேன்.

"அத உள்ள வைங்க சார். மேற்க பாருங்க."

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் பெயர் ராணி. குத்தகை நிலத்தில் கோடை நெல். நாளைக் காலை கொள்முதலுக்கு ஏற்ற வேண்டும். இன்று நனைந்தால் ஈரம் என்று திருப்பிவிடுவார்கள், வைத்திருந்தால் முளைத்துவிடும். கணவர் சாக்கு வாங்கப் போயிருக்கிறார். கையில் இருப்பது அவரும் அவர் நாத்தனாரும் ஒரு தார்ப்பாயும். இரண்டு பேராகக் குவிப்பதற்குள் மழை வந்துவிடும்.

காரை வலப்பாதிக்கு நகர்த்திவிட்டு நாங்களும் இறங்கினோம். நெல்லைத் தள்ளுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு சோபாவைத் தார் ரோட்டில் தள்ளிப் பார்க்கலாம். நான் தள்ளினால் மண்ணும் சேர்ந்து வருகிறது என்று நாத்தனார் பலகையைப் பிடுங்கி மாலதியிடம் கொடுத்தார். குவித்து முடிக்கவும் காற்று வரவும் சரியாக இருந்தது. தார்ப்பாய் எங்கள் கைகளை உதறிவிட்டுப் பறக்கப் பார்த்தது.

"சார், நீங்க அந்த முனையில உக்காருங்க," என்றார் ராணி. "நாலு கல்லு மிச்சம்."

வாழ்நாளில் என் எடையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை. உட்கார்ந்தேன். மழை வந்தது. தொப்பி போனது. எதிர் முனையைக் காலால் மிதித்தபடி ராணி, தலையில் ஒரு சாக்கு.

சும்மா நனையப் பிடிக்காமல், ஏன் ரோட்டில் போடுகிறீர்கள், களம் கிடையாதா என்று கேட்டேன். அவர் நான்குவழிச் சாலையின் பக்கம் கையை நீட்டினார்.

"களம் இருக்கு. அந்தா, அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம். ரோடு போட்டப்ப ஊரு இந்தப் பக்கம், களம் அந்தப் பக்கம்னு ஆயிடுச்சு. சுரங்கப்பாதை வழியா சுத்திப் போனா ஆறு கிலோமீட்டர். அதுலயும் டிராக்டர் நுழையாது. இப்ப ஆடு படுத்திருக்கு."

கிரிக்கெட் மைதானம். மாலதி என்னைப் பார்த்தாள். எனக்குக் காலையில் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இது வேறு. அன்புடன் வரவேற்கும் வளைவுக்குத் தூண் கட்ட இடம் இருக்கிறது, எனக்கு வழவழவென்று ஓட்ட நான்கு வழி இருக்கிறது. களஞ்சியத்துக்குத் தரை இல்லை. யாரைத் திட்டுவது? காலை முழுக்க அந்தச் சாலையைப் புகழ்ந்தவன் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தான்.

"மலேசியாவுல நெல்ல எங்க காயப்போடுவாங்க?" என்று கேட்டார் ராணி.

"மெஷின்ல," என்றேன்.

"அவருக்குத் தெரியாதுங்க," என்றாள் மாலதி.

இருபது நிமிடத்தில் மழை விட்டது. ராணி பாய்க்கடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "காஞ்சுதான் இருக்கு," என்றார். நாத்தனார் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். என் சக்கரம் அரைத்ததைக் குவிக்கும்போதே தனியாக ஒரு வாளியில் பெருக்கி வைத்திருந்தார் ராணி; கோழிக்கு ஆகுமாம். விடைபெறும்போது என்னிடம் பேசவில்லை. மாலதியிடம்தான் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர இனிமே மெயின் ரோட்டுலயே ஓட்டச் சொல்லுங்க."

பூம்புகார் போகவில்லை. ஈரச் சட்டையோடு கடலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? காவிரி அங்கே கலந்துகொண்டுதான் இருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று மணி. அதே நான்குவழிச் சாலை. மழை நின்று அதிக நேரம் ஆகவில்லை, அதற்குள் சாலை காய்ந்துவிட்டது. மேடு, தண்ணீர் நிற்பதில்லை. ஓரத்தில் ஒரு லாரி அகலத்துக்குச் சுத்தமான தளம், கண்ணுக்கு எட்டியவரை ஒரு தூசி கிடையாது. அந்த மாவட்டத்து நெல்லையெல்லாம் காயப்போடலாம். வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை மட்டும் நின்றது. கீழே களம் வந்தது. ஆடுகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டிருந்தன. கடந்துவிட்டோம்.

நூறில் போகலாம் என்று எழுதியிருந்தது. என் கால் முப்பதுக்கு மேல் அழுத்த மறுத்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டின.

"ரோட்டுல ஒண்ணுமே இல்லையே," என்றாள் மாலதி. "ஏன் இப்படி ஊர்றீங்க?"

"அதான்," என்றேன்.