நான் விழுங்கிய ராஜா

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் நடுப்பகல். ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் கிளென்ஃபீல்டிலிருந்து காரில் ஏறினால் சட்டென்று போய்விடக்கூடிய தூரத்தில்தான் என் மகள் படித்த பள்ளி. அதன் ஹாலில், யோகா பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி, பிரின்சிபால் கண்ணெதிரே நான் ஒரு ராஜாவை விழுங்கினேன். பயப்படாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டர் எடு, பயாலஜி எடு என்று நானும் கணவரும் தலைகீழாக நின்று பார்த்தோம். அவள் எடுத்தது லத்தீன். "அதை யார்கிட்டடி பேசப் போறே?" என்றால், "அம்மா, யூ டோன்ட் கெட் இட்" என்பாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை, எந்தக் காலத்திலோ பேச்சு நின்றுபோன ஒரு மொழிக்காக உயிரை விடுகிறதே என்று எனக்கு ஒரே ஆற்றாமை. போதாததற்குப் பள்ளியின் லத்தீன் கிளப்புக்கு அவள்தான் தலைவி.

அந்தக் கிளப்பில் பருவத்துக்கு ஒரு கூத்து உண்டு. மார்ச் மாதம் இலை உதிரும்போது, ரோமாபுரியில் ஒரு தலைவரைக் கூட்டாளிகளே குத்திக் கொன்ற நாள் என்று அட்டைக் கத்தியோடு ஒருவரை ஒருவர் துரத்துவார்கள். வசந்த காலத்தில் ரத ஓட்டம் என்று சொல்லிக் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார்கள். குளிர்காலத்தில்தான் பெரிய விழா, சாட்டர்னேலியா. ரோமில் அது டிசம்பரில் வருமாம். இங்கே டிசம்பர் என்றால் கொளுத்தும் வெயில், பிள்ளைகள் கடற்கரையில் கிடப்பார்கள். அதனால் நம் ஊர்க் குளிருக்குத் தகுந்த மாதிரி ஜூனுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"அது எந்தச் சாமிக்கு?" என்று ஒருநாள் சும்மா கேட்டுவைத்தேன்.

"சாட்டர்ன்."

"சாட்டர்ன்னா... சனியா?"

"யா, சேம் பிளானட்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது எனக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. "அடிப்பாவி! சனீஸ்வரனுக்கு நேரா நின்னு கும்பிடவே எங்களுக்குப் பயம். சைடுல நின்னு கும்பிட்டுட்டு ஓடி வந்துருவோம். அவரைப் போயி நீங்க வெத்தலை பாக்கு வச்சு விருந்துக்கு அழைக்கிறீங்களா?" என்று கத்தினேன். இது சந்தோஷமான பண்டிகை, அன்றைக்கு மட்டும் எசமானர்கள் வேலைக்காரர்களுக்குப் பரிமாறுவார்கள், எல்லாமே தலைகீழாக நடக்கும் என்று அவள் விளக்கினாள். சனி புகுந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகத்தானே நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். லத்தீன் எடுக்க ஆளில்லை. அடுத்த வருடத்திலிருந்து பாடத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பிரின்சிபால் அம்மாவை விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் வந்து பார்த்து மனது வைத்தால் உண்டு. இல்லாவிட்டால், இங்கே பள்ளியின் கடைசி வருடமான பதின்மூன்றாம் வகுப்பில் லத்தீன் படிக்காமலே அவள் பள்ளியை விட்டு வெளியே வரவேண்டியதுதான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பிள்ளை கண்ணில் தண்ணீரைப் பார்த்த பிறகு ஏழரையாவது எட்டாவது! "சாப்பாட்டை நான் பாத்துக்கறேன், நீ மத்ததைப் பாரு" என்றேன்.

ரோமானியர்கள் கொண்டைக்கடலை சாப்பிடுவார்களாம், அதனால் சுண்டல். சனிக்குப் பிடித்தது எள், அதனால் எள்ளு சாதம். அவள் கேட்காமலேயே பரிகாரத்தையும் சேர்த்து முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. உடுத்துவதற்குப் படுக்கை விரிப்புகள் கேட்டாள். என் கணவர், "எதுக்குப் பெட்ஷீட்? வேட்டி இருக்கே!" என்று வாய் கொடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்பார்களே, அதுதான் நடந்தது. கிளப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் வேட்டி நாங்கள்தான் என்று ஆகிவிட்டது. அவரிடம் இருந்ததோ ஐந்தாறு. அதிலும் பாதி, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ரகம்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஓடினேன். அவருடைய மகனும் அதே கிளப்தான். "ஓம், எங்களிட்டயும் வேட்டி கிடக்குது. சேர்ச்சிலயும் கேட்டுப் பாக்கிறன். அதுசரி, சனியெண்டு என்னவோ கதைக்கிறீர், எனக்கு உதொண்டும் விளங்காது. சாப்பாடு இருக்குதோ?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப நானும் வாறன்" என்று சொல்லிவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் நான் எள் வறுத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து, பெரிய, காய்ந்த பீன்ஸ் கொட்டை ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். எள் கருகிவிடுமே என்ற அவசரத்தில், டப்பாவிலிருந்து ஒரு மொச்சைக் கொட்டையை எடுத்து நீட்டினேன். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. ஹாலில் திரையை இழுத்து இருட்டாக்கி, வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் வைத்திருந்தார்கள். நான் அகல் விளக்கும் நல்லெண்ணெயும் கொண்டுபோயிருந்தேன். பள்ளிக்குள் நெருப்பு கூடவே கூடாது, ஆபத்து என்று பேட்டரி விளக்குதான் வைக்க விட்டார்கள். கேக்குக்குள் மட்டும் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம்போல.

பந்தி என்றால் தரையில் யோகா பாய்கள், தலையணைகள். ரோமானியர்கள் படுத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்களாம். என் கணவருக்கு வாயெல்லாம் பல். "இத்தனை வருஷமா சோபாவுல படுத்துச் சாப்பிட்டா திட்டுவியே, இப்ப பாத்தியா, நான் ரோமன்டி!" என்று சொல்லிவிட்டுப் பாயில் உருண்டார். யாழ்ப்பாணத்து அக்கா, "எனக்கு முழங்கால் ஏலாது" என்று ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

என் பாடுதான் திண்டாட்டம். பிரின்சிபால் அம்மாவும் ஆசிரியர்களும் ஏப்ரன் கட்டிக்கொண்டு, நான் செய்த சாப்பாட்டையே எனக்குப் பரிமாற வந்தார்கள். ஒரு பிரின்சிபால் குனிந்து சோறு போட, நான் மல்லாக்கப் படுத்திருப்பதா? அவர் கரண்டியோடு வரும்போதெல்லாம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். மகள் தூரத்திலிருந்து கண்ணை உருட்டுவாள். மறுபடி படுப்பேன். ஒருமுறை என்னையறியாமல் கரண்டியையே பிடுங்கப் போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தரமாட்டேன் என்று பின்னால் நகர்ந்தார். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு லத்தீன் வாத்தியார் எழுந்தார். நரைத்த தாடி, ஒல்லி உடம்பு, அதில் என் கணவரின் சரிகைக் கரை வேட்டி. அவர் கையாலேயே தேன் கேக் செய்திருந்தார். அதைக் காட்டி என்னவோ லத்தீனில் நீளமாகப் பேசினார். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கேக் வந்தது. இரண்டாவது வாயில் பல்லில் நறுக்கென்று ஒன்று மாட்டியது.

கல்! எதிரே வாத்தியார் ஆசையோடு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டடி தள்ளிப் பிரின்சிபால். பெரிய மனுஷர் தன் கையால் செய்து கொடுத்ததில் கல் கிடந்தது என்று நான் துப்பிக் காட்டினால் அவர் மானம் என்னாவது? சரியாகக் கேக்கூடச் செய்யத் தெரியாதவர்களுக்குக் கிளப் எதற்கு என்று அந்த அம்மா நினைத்துவிட்டால் என் பிள்ளையின் லத்தீன் என்னாவது? நம் வீட்டு வழக்கம் தெரியுமே, விருந்துக்குப் போன இடத்தில் கல்லோ முடியோ, மூச்சு விடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே விழுங்கு. தண்ணீர் குடித்தேன். "பென்டாஸ்டிக்" என்றேன்.

"என்ன தங்கச்சி, கண்ணெல்லாம் பிதுங்குது?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, கேக் ரொம்ப நல்லாருக்கு."

எல்லோரும் தின்று முடித்தார்கள். வாத்தியார் மறுபடி எழுந்து ஏதோ கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பவும், இந்தத் தடவை இங்கிலீஷில் கேட்டார்: "யார் ராஜா?" பிறகு அவரே விளக்கிச் சொன்னபோதுதான் எனக்கு விவரம் புரிந்தது. கேக்கில் ஒரு கொட்டை ஒளிந்திருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் விழாவின் ராஜா. அவர் போடும் மூன்று உத்தரவுகளை யாரானாலும் கேட்டே தீரவேண்டும். ராஜா உத்தரவு கொடுத்தால்தான் அடுத்த நிகழ்ச்சியே ஆரம்பிக்கும். அந்த அடுத்த நிகழ்ச்சி, பிரின்சிபால் முன்னால் லத்தீனுக்காக என் மகள் பேசப்போகும் பேச்சு.

நான் விழுங்கியது கல்லே இல்லை! பிள்ளைகள் தட்டுகளைக் கிளறினார்கள். ஒருவன் குப்பைத் தொட்டியையே கவிழ்த்துத் தேடினான். வாத்தியார் முகம் வெளுத்து, கேக் வைத்திருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரின்சிபால் அம்மா மெதுவாக ஏப்ரனை அவிழ்த்து, தனக்கு இன்னொரு வேலை இருப்பதாகச் சொல்லிக் கைப்பையைத் தேடினார். என் மகள் மேடை ஓரத்தில் பேச்சுக் காகிதத்தைக் கசக்கியபடி நின்றாள்.

அக்கா என் காதருகே குனிந்தார். "நீர் அப்ப என்னத்தையோ விழுங்கினீர் எல்லே?"

"அக்கா, சத்தம் போடாதீங்க, மானம் போகுது!"

"மானம் பிறகு பாப்பம். பிள்ளை அழப் போகுது, எழும்பும்!"

எழுந்தேன். இந்த ஊரில் அத்தனை வருடம் இருந்தும் நான்கு பேர் நடுவில் இங்கிலீஷ் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக் கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவேன். அன்றைக்கு, "ஸாரி. ஐ ஏட் த கிங்" என்று சத்தமாகச் சொன்னேன்.

சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. கல் என்று நினைத்ததையும், சொல்வது மரியாதை இல்லை என்று விழுங்கியதையும் திக்கித் திணறிச் சொன்னேன். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு பையன் சாட்சி எங்கே என்று கேட்டான். "நாளைக்குக் காலையில கொண்டு வந்து காட்டுவா" என்றார் என் கணவர். நல்லவேளை, தமிழில்.

பிரியாணி இலையில் கட்டிய கிரீடத்தை என் தலையில் வைத்தார்கள். நிஜமாகவே அது பிரியாணி இலைதான், வாசனை வந்தது. விளக்குகள் அணையும் வரை நீங்கள்தான் ராஜா, உத்தரவிடுங்கள் என்றார் வாத்தியார். நான் யோசிக்கவே இல்லை. கைப்பையோடு வாசல் பக்கம் போன பிரின்சிபாலைப் பார்த்து, "யூ! ஸிட். ஈட். தென் கோ" என்றேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம். சாப்பிடாமல் ஒரு ஆளை அனுப்பி வைத்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். அந்த அம்மா பையை வைத்துவிட்டுச் சமர்த்தாக என் பாயில் படுத்துக்கொண்டார். நானே பரிமாறினேன். எள்ளு சாதத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

இரண்டாவது உத்தரவு, மகள் பேசட்டும் என்பது. முதலில் லத்தீனில் பேசினாள், பிறகு இங்கிலீஷில். கடைசியில் கசங்கிய காகிதத்தை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது எங்க அம்மா சமைச்சது. எல்லாரும் நல்லா சாப்பிட்டுப் போங்க" என்று தமிழில், மழலை மாதிரி, தப்பில்லாமல் சொன்னாள். வீட்டில் கெஞ்சினாலும் வராத தமிழ். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மூக்கைச் சிந்தினார். என் கணவர் சுண்டலில் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

அந்தச் சூட்டோடு மூன்றாவதைப் போட்டேன். அடுத்த வருடமும் லத்தீன் இருக்கவேண்டும். பிரின்சிபால் அம்மா வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, "மகாராஜா, உங்கள் ஆட்சி விளக்கு அணையும் வரைதான். பள்ளி அதற்குப் பிறகும் நடக்கவேண்டுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் மகளைத் தவிர. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்படியானால் உத்தரவை மாற்றுகிறேன். நீங்கள் முடிவு சொல்லும் வரை விளக்கை யாரும் அணைக்கக் கூடாது" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. போகும்போது எரிந்துகொண்டிருந்த பேட்டரி விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அது அவருடைய அறை ஜன்னலில் எரிந்ததாம். மகள் தினமும் வந்து சொல்வாள். ஒருநாள் மங்கிவிட்டது என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பளிச்சென்று எரிந்தது. ஆகஸ்டில் முடிவு வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து லத்தீன் தொடர்ந்து நடக்கும். அவள் வீட்டுக்குள் ஓடிவந்து கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வருடக் கடைசியில் பள்ளியில் அந்த அம்மாவைப் பார்த்தபோது, பேட்டரியை யார் மாற்றினது என்று கேட்டேன். "ராஜா உத்தரவாயிற்றே, நான்தான். இரண்டு முறை" என்றார். அப்படியே எள்ளு சாதம் செய்வது எப்படி என்றும் கேட்டுக்கொண்டார்.

வாய் வரைக்கும் வந்ததை மரியாதை என்று எத்தனை இடத்தில் முழுங்கியிருக்கிறேன் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. இப்போதெல்லாம் ஏதாவது நறுக்கென்று பல்லில் பட்டால் விழுங்குவதில்லை, வெளியே எடுத்துப் பார்த்துவிடுகிறேன். யார் கண்டது, அது ராஜாவாகவும் இருக்கலாம்.